வளவில் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதியில்) குடும்பப் படம் எடுக்க ஆலோசனை தேவை
குழுவினருக்கு வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் ஐயாவின் 80 வயதுச் சாந்தி விழாவுக்குப் பங்காளிகள் கூடும்போது, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எடுக்கும் படமாக இல்லாமல், ஆச்சி பேத்திக்குப் பூ வைத்துவிடுவது போன்ற இயல்பான தருணங்களைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என்னிடம் 50 மி.மீ. லென்ஸ் மட்டுமே உள்ளது. வளவு முற்றத்தில் உச்சி வெயில் நேராக விழுவதால், பத்தியில் (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில்) தேக்குத் தூணருகே அமர்ந்திருப்பவர்களின் முகம் இருண்டுவிடுகிறது. முகத்துக்கு ஏற்ப ஒளியைக் கூட்டினால் முற்றம் வெளுத்துப்போகிறது. மரத்தாலான மேற்கூரை உயரமாகவும் கருமையாகவும் இருப்பதால், ஃப்ளாஷை மேலே திருப்பியும் பயனில்லை (அது வீட்டின் அழகையும் கெடுக்கும் என்பது என் எண்ணம்). முற்றம் என் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று எடுத்தால் போதுமா, அல்லது வெயில் தாழும்வரை காத்திருக்க வேண்டுமா? ஓடியாடும் பிள்ளைகளுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதுமா? கேமராவைக் கண்டதும் விறைத்துக்கொள்ளும் ஐயாவை இயல்பாக இருக்கச் செய்யும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.