அகிஹபாராவில் ஒரு சனிக்கிழமை: விலை கூடிய இயர்போனைக் கேட்டுப் பார்ப்பது எப்படி?

கேள்விக்காது_கோவை

எல்லோருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக இரண்டு வாரம் யோகோஹாமா போகிறேன், நடுவில் ஒரு சனிக்கிழமை முழுக்க எனக்கே எனக்கு. டோக்கியோவின் மின்னணுக் கடைத்தெருவான அகிஹபாராவில் இயர்போன்களை வரிசையாக வைத்து, வாங்காவிட்டாலும் கேட்டுப் பார் என்று விட்டுவிடுவார்கள் என்று வருடக்கணக்காகப் படித்து ஏங்கியவன் நான். விடுவேனா?

இப்போது என்னிடம் இருப்பது இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய ஒயர் இயர்போன், அதை ஃபோனோடு இணைக்கும் ஒரு டாங்கிள், ஃபோன். மூன்று வருடமாகக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் போன மாதம் சென்னையில் ஒரு கடையில் லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒன்றைக் காதில் வைத்துப் பத்து நிமிடம் கேட்டேன். தவில் தகர டப்பா மாதிரி இருந்தது. பாடுகிறவர் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி இருந்தார். கடைக்காரரிடம் சொன்னால், "இருநூறு மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம்தான் திறக்கும்" என்கிறார். ஓடவிட்டுத் திறக்க இது என்ன புது பைக்கா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழையதைப் போட்டால் அதுதான் நன்றாக இருக்கிறது. என் காதில் கோளாறா, பொருளில் கோளாறா, இல்லை கேட்ட விதத்தில் கோளாறா? அங்கே போய் அரை நாளை வீணாக்கக் கூடாது. என்ன எடுத்துப் போக வேண்டும், எதைப் போட்டுக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொப்பிமீட்டு

உங்கள் காதும் சரி, அந்தப் பொருளும் அநேகமாகச் சரி. காதுக்குள் போகும் ரப்பர் முனை சரியாக அடைக்கவில்லை, அவ்வளவுதான். தவில் தகரமாகக் கேட்டது என்று சொன்னீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. காதுக்கும் முனைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலிதான். அது போனதும் மீதி எல்லாம் மெலிந்து மூக்கால் பாடும். லட்ச ரூபாய் இயர்போனும் ஒழுகினால் ஒழுகல்தான்.

கடையில் மாட்டியிருக்கும் முனை பெரும்பாலும் நடு அளவு, அதுவும் ஆயிரம் காது பார்த்தது. உங்களுடையதை எடுத்துப் போங்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று சிலிக்கான் மூன்று ஜோடி, ஃபோம் ஒரு ஜோடி. முனையை மாட்டும் குழாய் மூக்கு சில இயர்போன்களில் தடிமனாக இருக்கும், சிலவற்றில் ஒல்லியாக இருக்கும். அதனால் ஒல்லித் துளை, அகலத் துளை இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இரண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னது? எனக்கு இடது பெரியது, வலது நடுத்தரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருடம் ஆனது, சொன்னால் வெட்கக்கேடு.

மாட்டும்போது எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்னால் இழுத்துக்கொண்டு உள்ளே விடுங்கள், பிறகு மடலை விடுங்கள். பாட்டு போடாமல் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் மண்டைக்குள் பானைக்குள் பேசுவது போல இரண்டு பக்கமும் சமமாக முழங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முழங்கினால் அடுத்த பக்கம் ஒழுகுகிறது. இது தேறாமல் எந்த இயர்போனைப் பற்றியும் கருத்து சொல்லாதீர்கள்.

என்ன போட்டுக் கேட்பது என்றால், நூறு தடவை கேட்ட பாட்டைத்தான். கடைக்காரர் போடும் 'டெமோ' டிராக் எல்லாம் எதில் போட்டாலும் இனிக்கும். நான் கொண்டுபோவது ஒரு கச்சேரிப் பதிவு. தம்பூராவின் ரீங்காரம் பாட்டுக்கு அடியில் அறுபடாமல் நிற்கிறதா, மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியின் கும்காரம் மறுபக்கமான வலந்தலைச் சொற்களை மூடாமல் தனியாக வருகிறதா என்று பார்ப்பேன். பாடகர் 'ச', 'ஸ' சொல்லும் இடத்தில் காது கூசுகிறதா என்பது அடுத்தது. அது கூசினால் கடையில் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம், வீட்டில் ஒரு மணி நேரம் முடியாது. அப்புறம் இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் ஒரு பழைய மோனோ பதிவு கட்டாயம். நாம் பாதி நேரம் கேட்பது அதைத்தானே. சில விலை கூடிய இயர்போன்கள் டேப் இரைச்சலைத் தூக்கி முன்னால் நிறுத்தி, பாட்டைப் பின்னால் தள்ளிவிடும்.

இருநூறு மணி நேரக் கதையை நான் நம்புவதில்லை. திறப்பது இயர்போன் இல்லை, நம் காது அதற்குப் பழகுகிறது.

பழைய_ரேடியோ

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஒன்று விட்டுப்போனது: சத்த அளவு. ஒரே வால்யூம் எண்ணில் இரண்டு இயர்போன்கள் ஒரே சத்தம் தராது. ஒன்றின் சென்சிடிவிட்டி, அதாவது அதே மின்சாரத்துக்கு அது தரும் சத்தம், கூடுதலாக இருக்கும், ஒன்றுக்குக் குறைவு. கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் மூளைக்கு அது 'கூடுதல் சத்தம்' என்று தெரியாது, 'கூடுதல் தெளிவு' என்றுதான் தெரியும். ஆம்ப்ளிஃபயர் விற்கும் கடைகளில் நான் வேலை பார்த்த காலத்திலேயே விற்கவேண்டியதன் சத்தத்தை ஒரு சுற்று தூக்கி வைப்பார்கள், இது பழைய வித்தை. அதனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒரே பாட்டின் ஒரே வரியைப் போட்டு, குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைத் திருத்திவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். கடை இரைச்சலில் தன்னை அறியாமல் கூட்டிக்கொண்டே போவோம், அதையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதி.

உங்கள் ஃபோனும் உங்கள் டாங்கிளும்தான் கொண்டுபோக வேண்டும். கடையின் மூன்று லட்ச ரூபாய் பிளேயரில் கேட்டுவிட்டு வீட்டில் டாங்கிளில் போட்டால் வேறு மாதிரி இருக்கலாம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, இம்பிடன்ஸ்தான், அதாவது மின்னோட்டத்துக்கு வரும் தடை. ஒலி எழுப்பும் பாகம்தான் டிரைவர்; ஸ்பீக்கர் போலச் சவ்வு அதிரும் டைனமிக் டிரைவர் ஒன்றே உள்ளவற்றுக்கு இம்பிடன்ஸ் அநேகமாக எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக இருக்கும். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்கிற இன்னொரு வகைக் குட்டி டிரைவர் ஐந்தாறு வைத்ததில் அது ஏறி இறங்கும். அதை, தன் பக்கத் தடை (அவுட்புட் இம்பிடன்ஸ்) கூடுதலான சாதனத்தில் சொருகினால் பேஸின் அளவோ, மேல் ஒலியான டிரெபிளின் அளவோ மாறிவிடும். நல்ல டாங்கிள்களில் இது ஒரு ஓம் அளவில்தான் இருக்கும், பயமில்லை.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று காட்டும் கிராஃப் பார்க்கிற பழக்கம் உண்டா? எல்லா கிராஃபிலும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். அது கோளாறு இல்லை. திறந்த காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம் நீளம், அது தானாகவே அந்த இடத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். முனையை வைத்து வாசலை அடைத்ததும் அந்த உதவி போய்விடுகிறது, அதனால் இயர்போனே அதைத் தர வேண்டும். ஆனால் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும் கூரான முள்ளைப் பார்த்து எதையும் தள்ளாதீர்கள். பரவலாகப் பயன்படும் '711' வகை அளவீட்டுக் கருவியில் முனையை வைக்கிற ஆழத்தால் வரும் அதிர்வு அது. உங்கள் காதில் எவ்வளவு ஆழம் போகிறதோ அதைப் பொறுத்து அது நகரும். ஒரே இயர்போனை ஒருவர் குளுமை என்றும் இன்னொருவர் குத்துகிறது என்றும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெறுங்காது

எல்லாம் சரி அண்ணன்மாரே, அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. எதற்கு லட்ச ரூபாய்? எண்பதாயிரத்துக்கு ஒன்று வாங்கி ஒன்றரை வருடம் வைத்திருந்து, பாதி விலைக்குத் தள்ளிவிட்டவன் நான். இன்று மூவாயிரம் ரூபாய்ப் பொருளில் கொஞ்சம் ஈக்யூ செய்தால் (பேஸ், டிரெபிளை ஃபோனிலேயே கூட்டிக் குறைத்தால்) எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 1991இல் எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்-4 இயர்போன் வந்தபோது உள்ளே ஒரே ஒரு ஆர்மேச்சர்தான். இன்று பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக்கையைக் காட்டி விற்கிறார்கள், சாம்பார் எத்தனை காய் போட்டது என்று விலை சொல்வது போல.

தொப்பிமீட்டு

@வெறுங்காது, விலைக்கும் ஒலிக்கும் நேர்க்கோடு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வாங்கப் போகிறேன் என்று சொல்லவே இல்லையே, கேட்டுப் பார்க்கப் போகிறேன் என்கிறார். ஓசியில் கேட்பதற்கு என்ன?

கவாசாகிவாசி

இங்கே ஆறு வருடமாக இருக்கிறேன். அகிஹபாராவில் போக வேண்டியது இ-இயர்போன் என்ற கடை. நேரம் மிச்சமிருந்தால் டோக்கியோவிலேயே நகானோ பகுதியில் ஃபுஜியா ஏவிக் கடை. இரண்டிலும் செகண்ட் ஹேண்ட் பகுதி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். வெளியே வைத்திருப்பதை நீங்களே எடுத்துக் கேட்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டி "கோரே, ஷிச்சோ தெகிமாஸ் கா?" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஷிச்சோ என்றால் கேட்டுப் பார்ப்பது. சனிக்கிழமை மதியம் கூட்டம் நெரியும், கடை திறக்கும்போதே போய்விடுங்கள். காதைச் சுத்தம் செய்துகொண்டு போங்கள், கேட்டு முடித்ததும் துடைத்து வையுங்கள்.

நாலைந்துக்கு மேல் கேட்காதீர்கள். ஆறாவதிலிருந்து எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஃபைனல் ஏ8000, சென்ஹைசர் ஐஈ 900 இரண்டும் கட்டாயம் கேளுங்கள். இரண்டிலும் ஒரே ஒரு டைனமிக் டிரைவர்தான், முன்னதில் அதன் சவ்வு பெரிலியம் உலோகம், பின்னதில் அதன் அளவு 7 மில்லிமீட்டர். ஆனால் இரண்டின் குணமும் வேறு வேறு. வாங்குவதாக இருந்தால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்விக்காது_கோவை

போய்விட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும்.

கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். முதல் அரை மணி நேரம் எந்த விலை கூடியதையும் தொடவில்லை, என் பழைய இயர்போனில் முனைகளை மாற்றி மாற்றி மாட்டி முனகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனான். முடிவு: வலது பெரியது, இடது நடுத்தரம். @தொப்பிமீட்டு அண்ணே, உங்களுக்கு நேர் எதிர். மூன்று வருடமாக வலது காதில் பாதி பேஸ் இல்லாமலே கேட்டிருக்கிறேன், அது தெரியாமலே குறை ஒன்றும் இல்லை என்று இங்கே எழுதியும் இருக்கிறேன்.

பிறகு ஐந்து கேட்டேன். ஏ8000 வியப்பாக இருந்தது, நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்வது தனியாகக் கேட்டது, ஆனால் பத்து நிமிடத்தில் காது களைத்துப்போனது. ஐஈ 900இல் தவில் நெஞ்சில் இடித்தது. குரல் ஒரே அளவில் வரும்படி வால்யூமைத் திருத்தி வைத்துவிட்டுக் கேட்டபோது என் பழையதற்கும் அதற்கும் உள்ள தூரம் நான் நினைத்ததைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் வேகமான இடங்களில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருந்தது. அதற்கு ஒரு லட்சமா என்றால், @வெறுங்காது சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

சென்னையில் கேட்ட அதே மாடலும் அங்கே இருந்தது. என் முனைகளைப் போட்டுக் கேட்டேன். தவில் தவிலாகத்தான் இருந்தது.

வாங்கியது ஃபைனல் டைப் இ முனைகள் இரண்டு பாக்கெட். கடைக்காரர் மிக மரியாதையாகக் குனிந்து பையைக் கொடுத்தார், எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. ஒரு பிரச்சினை மட்டும் இருக்கிறது. முறுக்கு தின்றால் வலது பக்கம் வெளியே வந்துவிடுகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய_ரேடியோ

தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவம் மாறும், எல்லோருக்கும் உள்ளதுதான். அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஃபோம் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் முறுக்கை முடித்துவிட்டுக் கேளுங்கள்.