அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அரசியல்வாதி உபேந்திரா சிவுகுலாவை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ரயிலடி ரவி:
2001 தேர்தலுக்கு முந்தைய வாரங்கள். நியூ பிரன்ஸ்விக் ரயில் நிலையம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நம் நிறத்தைச் சந்தேகித்து வண்டியில் நம் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்த நேரம். படியோரம் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் போனவர் வாங்கி, பெயரைப் படித்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே குப்பைத்தொட்டியில் போட்டார். சிவுகுலா முகம் மாறவே இல்லை. அடுத்த நோட்டீஸை என் பக்கம் நீட்டினார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நவம்பரில் ஜெயித்தார். நியூ ஜெர்சி சட்டசபைக்குப் போன முதல் இந்திய வம்சாவளிக்காரர்.

சாமர்செட் மீனா:
ஃபிராங்க்ளினில் 2000-லேயே மேயர் அவர். சொந்த ஊர் நெல்லூர், படிப்பு நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். என் அப்பாவும் கிண்டி. ஒரு பொங்கல் விழாவில் அறிமுகம் செய்து வைத்தேன். மேடைக்கு அழைக்க ஆள் வந்து நிற்கிறது, இவர்கள் காலேஜ் கதையை விடவே இல்லை! அப்படிப்பட்டவர் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, போகாதது எனக்கு ஆறவில்லை. 2012-ல் லெனர்ட் லான்ஸிடம் தோல்வி, 2014-ல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியிலேயே பானி வாட்சன் கோல்மனிடம் தோல்வி. கடைசியில் ஏதோ வாரியப் பதவி.

கூரை சோலார்:
மீனா அக்கா, "ஏதோ வாரியம்" இல்லை அது. மாநிலத்தின் மின்சாரம், எரிவாயு, தண்ணீர்க் கட்டணம் பெரும்பாலும் அந்த வாரியத்தின் ஐந்து உறுப்பினர்கள் கையில்தான். ஜனநாயகக் கட்சிக்காரரான இவரை நியமித்தது குடியரசுக் கட்சி கவர்னர் கிறிஸ்டி. எலெக்ட்ரிகல் படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

நான் பார்த்தது மாநிலத் தலைநகர் ட்ரென்டனில். சோலார் மின்சாரம் தயாரிப்பவர்களுக்குக் கிடைத்து, அவர்கள் விற்றுக் காசாக்கும் சோலார் சான்றிதழின் விலை மளமளவென்று சரிந்து, கூரையில் பேனல் போட்டவர்களெல்லாம் தவித்த சமயம். அதைச் சரிசெய்ய வந்த 2012 மசோதாவில் இவர் பெயரும் உண்டு. கமிட்டித் தலைவர் நாற்காலியில் இவர். மின்கம்பெனி சார்பில் பேசியவர் மின்திறனைச் சொல்லும் கிலோவாட்டையும் செலவான மின்சாரத்தைச் சொல்லும் கிலோவாட்-அவரையும் குழப்ப, அங்கேயே நிறுத்தித் திருத்தினார். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம், எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். காங்கிரஸை விடுங்கள், ட்ரென்டனைக் கவனியுங்கள். 40 தொகுதி, தொகுதிக்கு இரண்டு சட்டசபை உறுப்பினர்கள். பலருக்கு வேறு வேலையும் உண்டு, அதனால் தொகுதிக்காரர் சொல்லும் விவரம் அவர்களுக்குத் தேவை. கமிட்டிக் கூட்ட நிரல் சட்டமன்ற இணையதளத்தில் வரும். சீக்கிரம் போய்ப் பேச விரும்புவோருக்கான சீட்டை நிரப்பிக் கொடுங்கள். எழுதியதைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் படிக்காதீர்கள். எந்த ஊர், என்ன பாதிப்பு, மசோதாவில் எந்தப் பிரிவு மாறணும், இந்த மூன்றையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். சொந்த மின்பில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ரயிலடி ரவி:
சரி, சோலார் ஐயா. ட்ரென்டன் கூட்டமெல்லாம் வேலைநாள் பகலில்தானே? லீவு போடாமல் எழுத்தில் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா?