இந்த ஏஐ சாட்கிட்ட கேட்டு ஸ்கேம் மெசேஜ் கண்டுபிடிக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

நேத்து சாயங்காலம் அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், வண்டிக்கு டிராபிக் ஃபைன் 500 ரூபா கட்டணுமாம், கூடவே ஒரு ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல்). அப்பாவோட டிவிஎஸ் 50 போன தீபாவளில இருந்து வீட்டு வாசலை தாண்டல, அதுக்கு எங்கருந்து ஃபைன்னு எனக்கு அப்பவே சிரிப்பு, ஆனா அவர் பயந்துட்டார்.

சரின்னு மெசேஜை அப்படியே காப்பி பண்ணி ஏஐகிட்ட போட்டேன். முதல்ல "இது உண்மையான சலான் மாதிரி இருக்கு, அதிகாரப்பூர்வ தளத்துல செக் பண்ணுங்க"ன்னுச்சு. அப்புறம் ஏபிகே வந்திருக்குன்னு தனியா சொன்னதும்தான் ஐயோ தொடாதீங்க, இது மோசடின்னு அப்படியே பிளேட்டை மாத்திருச்சு. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல வண்டி நம்பர் போட்டு நானே பாத்தேன், ஒரு சலானும் இல்ல.

என் டவுட் இதான், நீங்கல்லாம் எப்படி கேக்குறீங்க? ஸ்க்ரீன்ஷாட் போட்டா சரியா சொல்லுதா, இல்ல வந்த நம்பர், லிங்க் எல்லாம் டைப் பண்ணணுமா? அப்பாவோட வண்டி நம்பர், போன் நம்பரை மறைச்சுட்டுதானே போடணும்?

இன்னொன்னு, அவசரம். அப்பா அந்த ஃபைலை ஒரு தடவை அமுக்கிட்டாராம், இன்ஸ்டால் ஆச்சான்னு அவருக்கே தெரியல. இப்போதைக்கு நெட்டை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். பணம் எதுவும் போகல, அப்பவும் சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணலாமா? போனை ரீசெட் பண்ணிடவா? அதுல பேத்தி போட்டோவா ரொப்பி வெச்சிருக்கார், அழிச்சா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டார்.