யாழ்ப்பாணத்துக்கு இலகு ரயில்: ஸ்டேசனில் இறங்கிய பிறகு எங்கே போவது?

வலிகாமத்தான்:
யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இலகு ரயில் விட வேண்டும் என்பது என் கட்சி. புதிதாகப் பாதை போடச் சொல்லவில்லை. 1990 இல் நின்றுபோன பாதையை இந்தியக் கடனில் திரும்பப் போட்டு, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை கோச்சி விட்டார்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர் ஊராகத்தான் போகிறது. ஆனால் ஓடுகிற வண்டிகளை விரல் விட்டு எண்ணலாம், மிச்ச நேரம் தண்டவாளத்தில் ஆடு மேய்கிறது. பக்கத்திலேயே காங்கேசன்துறை வீதியில் நாங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறோம். இரண்டு பெட்டி வண்டி, அரை மணிக்கு ஒன்று. இது பேராசையா?

கேற்றடிக் கடை:
அரை மணிக்கு ஒன்று என்று எழுதுவது சுகம். போக ஒன்று, வர ஒன்று, ஆக மணிக்கு நான்கு தரம் ரயில் கடவைக் கேற் பூட்ட வேண்டும். கேற் உள்ள இடத்தின் கதை அது. கேற்றே இல்லாத கடவைகளை என்ன செய்வீர்கள்? ஒழுங்கைக்குள்ளால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை, சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டுகிறதை என் கடை வாசலில் இருந்து தினமும் பார்க்கிறேன். சத்தம் குறைந்த வண்டி வேறு விடப் போகிறீர்கள்!

இன்னொன்று, ஒற்றைப் பாதை. நீங்கள் சொல்லும் கணக்குக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எதிர்வண்டியைச் சந்திக்க வேண்டும். கடக்கும் பாதை உள்ள ஸ்டேசனில் ஒன்று காத்து நிற்கும், மற்றது பிந்தினால் இதுவும் பிந்தும். இரட்டைப் பாதை என்றால் வளவு எடுப்பார்கள். இராணுவத்திடம் காணியைப் பறிகொடுத்த வலிகாமம் வடக்குச் சனத்திடம் போய்க் காணி எடுக்கிற கதை சொல்லிப் பாருங்கள்.

ஸ்காபரோவாசி:
தம்பிமாரே, இங்கே கனடாவில், டொரொண்டோ நகரின் ஸ்காபரோவில் லைன் 3 என்ற நகர ரயில் ஓடிய காலத்தில் அதில் ஏறித் திரிந்தவன் நான். 1985 இல் திறந்தது, மொத்தம் ஆறு ஸ்டேசன். 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது, அதோடு மூடிவிட்டுப் பஸ் விட்டார்கள். விபத்தை விடுங்கள், நான் சொல்ல வருவது எல்ஸ்மியர் என்ற ஸ்டேசனைப் பற்றி. ஏற்கெனவே இருந்த ரயில் பாதையின் ஓரத்தில் போட்டால் சுலபம் என்று போட்டார்கள், ஸ்டேசன் போய் விழுந்தது மேம்பாலத்தடியில், தொழிற்சாலைகளின் பின்பக்கத்தில். பெட்டிக்கடைகூட இல்லை. டொரொண்டோ முழுவதிலும் ஆள் மிகக் குறைந்த ஸ்டேசன்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. அதே பாதையில் ஸ்காபரோ சென்டரில் இறங்கினால் பஸ் நிலையம் காலடியில், பேரங்காடி பக்கத்தில். அங்கே எப்போதும் சனம். வண்டி ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான்.

வலிகாமத்தான்:
அண்ணை, எங்கள் ஸ்டேசன்கள் காட்டுக்குள்ளா இருக்கின்றன? சுன்னாகத்தில் சந்தை இருக்கிறது. தெல்லிப்பழையில் ஆதார வைத்தியசாலையும் புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கின்றன, தீவகத்தில் இருந்துகூட நோயாளிகள் போகிறார்கள். காங்கேசன்துறையில் 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினக் கப்பல் வந்தது. இதைவிட என்ன வேண்டும்?

திருநெல்வேலி:
வேண்டியது ஒரு நடைபாதை. நான் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற கம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) வேலைக்குப் போகிறவள், கொக்குவில் ஸ்டேசன் எனக்குக் கிட்ட இருக்க வேண்டிய ஸ்டேசன். இறங்கினால் ஒழுங்கை, மாரியில் முழங்கால் வெள்ளம், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சமும் குறைவு. யாழ்ப்பாணம் ஸ்டேசனையே பாருங்கள், பஸ் நிலையமும் பெரியாஸ்பத்திரியும் தூரமில்லை, ஆனால் வெயிலில் பையோடும் பிள்ளையோடும் யார் நடப்பது? ஓட்டோக்காரர் கேட்கிற காசுக்குப் பஸ்ஸில் காங்கேசன்துறைக்குப் போய் வந்துவிடலாம். ஒரு பஸ்ஸை ஸ்டேசன் வாசல்வரை கொண்டுவர வழியைக் காணோம், அதற்குள் இலகு ரயிலாம்.

ஸ்காபரோவாசி:
அதைத்தான் சொன்னேன் தங்கச்சி.

கேற்றடிக் கடை:
காசுக் கதையையும் ஒருவரும் எடுக்கவில்லை. கொழும்பில் மாலபேயிலிருந்து கோட்டை வரை 16 ஸ்டேசனோடு 15.7 கிலோமீற்றர் இலகு ரயிலுக்கு ஜப்பான் கடன் தர முன்வந்து, ஒப்பந்தமும் ஆகி, 2020 இல் செலவு கட்டாது என்று நிறுத்தினார்கள். தலைநகரத்துக்கே கட்டாதது எங்களுக்குக் கட்டுமா?

வலிகாமத்தான்:
அது தூண் நட்டு மேலே ஓடுகிற ரயில், கணக்கே வேறு. எங்களுக்குப் பாதை நிலத்தில் கிடக்கிறது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று சனம் களைத்தபோது, காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையில் ‘யாழ் ராணி’ என்ற ரயிலை விட்டார்களே, அதற்கு யார் தூண் நட்டார்கள்? மனம் வைத்தார்கள், ஓடியது.

திருநெல்வேலி:
பெற்றோல் இல்லாத காலத்தில் மாட்டுவண்டி விட்டிருந்தாலும் ஏறியிருப்போம். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறபோதும் மோட்டார்சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி.

வலிகாமத்தான்:
காலையில் பள்ளிக்கூடம், கந்தோர் தொடங்கும் நேரத்துக்கு இரண்டு, பின்னேரம் இரண்டு, இருக்கிற வண்டியிலேயே ஆறு மாதம் விட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு ஸ்டேசனிலும் இறங்குகிறவர்களை எண்ணட்டும். எங்கே ஆள் இறங்குகிறதோ அங்கே முதலில் நடைபாதையும் லைற்றும் போடட்டும்.

கேற்றடிக் கடை:
நான்கு வண்டிக்குச் சம்மதம். ஆனால் கேற் இல்லாத கடவை ஒவ்வொன்றுக்கும் கேற்றும் சம்பளத்தோடு ஆளும் போட்ட பிறகு. அதற்கு முதல் ஒரு வண்டி கூட்டினாலும் நான் எதிர்ப்புத்தான்.