மகள் பெரியவளாகிவிட்டாள், அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை

கேள்வி:
என் மகளுக்கு 12 வயது. போன மாதம் பெரியவளானாள். மனைவிக்கு நைட் ஷிஃப்ட். நேற்று ராத்திரி நாப்கின் தீர்ந்துபோக, பக்கத்து அறையில் இருந்த என்னிடம் கேட்காமல் பாட்டிக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். அதுதான் என்னைக் குத்துகிறது. மருந்துக்கடையில் “எந்த சைஸ்?” என்றார்கள், விழித்தேன். செய்தித்தாளில் சுற்றி, கருப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். 2 அக்காக்களோடு வளர்ந்தவன் நான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1:
அண்ணா, பகலில் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ராத்திரிக்கு நீளமானது வாங்குங்கள். முதல் 2 வருடம் தேதி முன்னே பின்னே போகும், பயப்பட வேண்டாம். ஆனால் மணிக்கு ஒரு பேட் நனைந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். வயிற்றுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

பதில் 2:
கோவை முருகானந்தம் தெரியுமா? மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துப் போனதைப் பார்த்து, என்னவென்று கேட்டவர். அதிலிருந்துதான் குறைந்த விலை நாப்கின் இயந்திரம் பிறந்தது, 2016இல் பத்மஸ்ரீ. நீங்களும் கேட்டுவிட்டீர்கள், அதுவே பெரிது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று 2 பாக்கெட் வாங்கினேன், கவர் வேண்டாம் என்றேன். குளியலறை அலமாரியில் வைத்துவிட்டு, “தீர்ந்தா அப்பாகிட்ட சொல்லும்மா” என்றேன். “சரிப்பா” என்றாள். அப்புறம் வெந்நீர்ப் பை கேட்டாள்.