கிளட்சை ஊரிலேயே பழகிவிட்டுப் போங்கள்

விடுப்பில் கம்பத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அதில் பாதி நாள் தங்கை மகனுக்குக் கார் பழக்குவதில் போனது. அவன் செப்டம்பரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் படிக்கப் போகிறான். நான் 11 வருடமாக அந்த ஊரில்தான் வேலை பார்க்கிறேன். தங்கை வீட்டில் புதிதாக ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறார்கள், கியர் வண்டி. "எனக்கு எதற்கு மாமா இந்தக் கியர்? அங்கே போய் ஆட்டோமேட்டிக்கில் லைசென்ஸ் எடுத்துக்கொள்கிறேன்" என்று மருமகன் முதல் நாளே சொன்னான். புதிதாக வந்து இறங்கும் நம் பிள்ளைகள் பலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் அவனுக்குச் சொன்னதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்வரை நம் ஊர் லைசென்ஸை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு அந்த நாட்டு லைசென்ஸ் வேண்டும். நம்முடையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வழியில்லை. பழகுநர் லைசென்ஸ், கணினியில் ஒரு தேர்வு, பிறகு சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு என்று புதிதாகத் தொடங்க வேண்டும். அந்தச் சாலைத் தேர்வை ஆட்டோமேட்டிக் காரில் எழுதித் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். கியர் வண்டியில் தேறினால் இரண்டையும் ஓட்டலாம். நம் ஊர் எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸில் இந்தப் பிரிவினை இல்லாததால் பலர் இதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

புதிய வண்டிகளில் ஆட்டோமேட்டிக் பெருகிவிட்டது, மின்சாரக் காரில் கிளட்சே கிடையாது, இதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த முதல் வருடமே புதிய கார் வாங்குகிறவர் யார்? நம் கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைப்பது எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டி. அந்த வயதுள்ள சின்ன கார்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள். வேலைக்கு வேன் ஓட்டச் சொன்னாலும், அவசரத்துக்கு நண்பர் சாவியைக் கொடுத்தாலும், கையில் இருக்கும் லைசென்ஸ் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் என்றால் தொட முடியாது. பயத்தினால் எடுக்கும் முடிவு பல வருடத்துக்குக் காலைக் கட்டிவிடும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்தப் பயம் கிளட்ச் ஒன்றைப் பற்றியதுதான். கியர் மாற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. என்ஜினோடு சுழலும் தட்டும் சக்கரத்துக்குப் போகும் தட்டும் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் அந்த ஒரு இடத்தை இடது கால் தெரிந்துகொண்டால் முக்கால் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் அதை பைட்டிங் பாயிண்ட் என்பார்கள். நம் ஜீப் ஓட்டுநர்கள் "கிளட்ச் எங்கே பிடிக்கிறது?" என்று கேட்பார்கள். அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். தேய்ந்த கிளட்ச் பெரும்பாலும் மேலே வந்து பிடிக்கும், புதியது அதற்குக் கீழேயே பிடித்துவிடும். ஆகவே பல வருடம் ஓட்டியவரும் புதிய வண்டியில் முதல் நாள் இரண்டு தடவை ஆஃப் பண்ணத்தான் செய்வார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருமகனை முதல் நான்கு நாள் சாலைக்கே கொண்டுபோகவில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் திராட்சைத் தோட்டத்துக்குள் நீளமான மண்பாதை ஒன்று சமதளமாக இருக்கிறது. அங்கே ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். முதல் கியர், குதிகால் தரையில், கிளட்சை மெல்ல மெல்ல மேலே விட வேண்டும். என்ஜின் சத்தம் சற்றுக் கனத்து இறங்கும், ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும், முன்பக்கம் லேசாக நிமிரும். அங்கே காலை நிறுத்த வேண்டும். வண்டி தானாக நகரும். நகர்ந்ததும் கிளட்சை மிதித்து நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து. ஒரு நாளைக்கு முப்பது தடவை. இரண்டாம் நாளே அவனுக்குச் சலித்துவிட்டது. மூன்றாம் நாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யச் சொன்னேன். பேசும்போதும் கால் சரியாக நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். ஷூ போட்டுக்கொண்டு பழகுங்கள். இங்கே நாம் வெறுங்காலோடும் செருப்போடும் ஓட்டுகிறோம், பாதத்துக்கு எல்லாம் தெரிகிறது. அங்கே ஜனவரியில் தடித்த அடிப்பாகமுள்ள ஷூவோடு ஏறினால் கிளட்ச் பிடிக்கும் அந்த நடுக்கம் காலுக்கு எட்டவே எட்டாது. நான் அங்கே போன முதல் குளிர்காலத்தில் இது ஒன்றுதான் என்னை மிகவும் வாட்டியது. காரில் மெல்லிய அடிப்பாகமுள்ள ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலை. ஷெஃபீல்டு முழுக்க மேடும் பள்ளமும்தான். சிவப்பு விளக்குக்காகச் சரிவில் நிற்பது அன்றாட வேலை. அதற்கு நம் குமுளி மலைச்சாலையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடியே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஆறு கிலோமீட்டர் சொச்சத்தில் கேரள எல்லை. நேரம் மட்டும் பார்த்துப் போக வேண்டும். விடியற்காலையில் கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். காலை பத்து மணிக்கு மேல் மதியம் இரண்டு மணிக்குள் போனால் சாலை அமைதியாக இருக்கும். ஐயப்ப பக்தர்கள் போகும் கார்த்திகை, மார்கழியில் பழகப் போகவே வேண்டாம்.

நான் இதை அறிந்திருந்தும் ஒரு நாள் காலை ஏழு மணிக்கே அவனை அழைத்துப் போய்விட்டேன். அது என் தவறு. மூன்றாவது வளைவில் முன்னால் சரக்கு லாரி ஒன்று திணறி நின்றது. நாங்களும் நின்றோம். பின்னால் ஒரு ஜீப் ஒட்டி வந்து நின்றது. லாரி நகர்ந்ததும் இவன் பதற்றத்தில் கிளட்சை ஒரேயடியாக விட்டான். வண்டி ஆஃப் ஆகி ஒரு சாண் பின்னால் உருண்டது. மிதித்த பிரேக்கில் கால் நடுங்கியது. ஜீப் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்து எங்கள் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். ஜீப்பில் இருந்த ஒரு அம்மாள், "பதறாதே தம்பி, நிதானமாக எடு, எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை" என்றார். தாமதமானால் அவர்களுக்கும் தோட்டத்தில் பேச்சு விழும். அது தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

அப்போது அவன் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்தான். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டான். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை மேலே விட்டான். வண்டியின் முன்பக்கம் நிமிர்ந்து, ஓடப் பார்க்கும் காளையைப் போல் ஹேண்ட்பிரேக்கோடு முட்டியது. அந்த முட்டலை உணர்ந்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இறக்கினான். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறியது. ஜீப் ஓட்டுநர் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் தன் வண்டியில் ஏறினார். கண்ணாடியில் அதைப் பார்த்தேன். மலைச்சாலையில் கல்லை அப்படியே விட்டுப் போகிறவர்களால் எத்தனை இரு சக்கர வண்டிக்காரர்கள் இரவில் விழுகிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

புதிய கார்கள் பலவற்றில், ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் ஓரிரு நொடி வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நீங்கள் அங்கே வாங்கப்போகும் பழைய வண்டியில் அது இல்லாமல் போகலாம். ஹேண்ட்பிரேக் முறையைக் கை மறக்கவே கூடாது.

இறக்கத்துக்கு வருவோம். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி இறங்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து அதை விட்டொழியுங்கள். இன்றைய என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். மிச்சம் என்று நினைப்பது செலவு. அதோடு வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டிவரும், பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். குமுளியிலிருந்து இறங்கும்போது மருமகனை இரண்டாம் கியரிலேயே வைத்திருந்தேன், வளைவுக்கு மட்டும் பிரேக். இங்கிலாந்திலும் நியூட்ரலிலோ கிளட்சை மிதித்தபடியோ உருட்டி ஓட்டுவதைத் தேர்வில் பிழையாகக் குறிப்பார்கள். குறுகிய மலைச்சாலையில் இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது இரண்டு நாட்டிலும் உள்ள வழக்கம். அந்த விஷயத்தில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டு இறங்குங்கள். ஓட்டும்போது கிளட்ச் மேல் காலைச் சும்மா வைத்திருக்கவும் வேண்டாம், அது சீக்கிரம் தேயும். பனி உறைந்த சாலையில் கிளம்பும்போது முதல் கியருக்குப் பதில் இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள், சக்கரம் வழுக்காது.

கேட்டிருந்தவர்களுக்குச் சில பதில்கள்.

ஜெர்மனி போகும் தம்பிக்கு: அங்கே நம் லைசென்ஸ் குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வலது கைக்கு வந்துவிடும். ஆனால் கிளட்ச் இடது காலுக்குத்தான், மிதிகளின் வரிசை எந்த நாட்டிலும் மாறாது. இங்கே கால் பழகியது அப்படியே உதவும். 2021 ஏப்ரலிலிருந்து ஜெர்மனியில் ஒரு வசதி உண்டு. கியர் வண்டியில் குறிப்பிட்ட பயிற்சியை முடித்துவிட்டு ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினாலும் இரண்டையும் ஓட்ட அனுமதி கிடைக்கும். ஓட்டுநர் பள்ளியில் பி197 என்று கேளுங்கள்.

இங்கிலாந்துச் சாலைத் தேர்வில் வண்டி ஆஃப் ஆனால் தோல்வியா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பதறாது மறுபடி கிளப்பினால் அது சிறு பிழை. சிறு பிழைகள் 15 வரை இருந்தாலும் தேறலாம். நடுச்சந்தியில் ஆஃப் ஆகி மற்ற வண்டிகளுக்கு ஆபத்து நேர்ந்தால்தான் பெரிய பிழை. அப்படி ஒன்று போதும், தேர்வு போய்விடும்.

போடியிலிருந்து எழுதிய தங்கைக்கு: முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது என்கிறீர்கள். நெரிசலில் ஒரு மணி நேரம் கிளட்ச் மிதிப்பது அந்தக் காலுக்குக் கொடுமை. நீங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, மனக்குறை இல்லாமல் ஆட்டோமேட்டிக்கிலேயே தேர்வு எழுதுங்கள். நான் மேலே சொன்னது பயத்தினால் ஒதுங்குகிறவர்களுக்கு. பிறகு கால் தேறினால் கியர் வண்டியில் இன்னொரு முறை சாலைத் தேர்வு எழுதி லைசென்ஸை விரிவாக்கிக்கொள்ளலாம், கணினித் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை.

நான் அடுத்த வியாழன்வரை ஊரில் இருக்கிறேன். கம்பம், கூடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் யாராவது வெளிநாடு கிளம்பும் முன் மலையில் ஒரு தடவை ஏறிப் பார்க்க விரும்பினால் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். காலை பத்து மணிக்கு மேல்.