டிடெக்டர்ல கிடைச்ச மோதிரம் தங்கமா, கில்ட்டா?

கேள்வி:
பீச்ல மெட்டல் டிடெக்டர் வச்சு தேடுறப்ப ஈர மணல்ல ஒரு மோதிரம் கிடைச்சுது, மஞ்சளா பளபளன்னு இருக்கு, உள்பக்கம் 750னு தேய்ஞ்சுபோன முத்திரை, பக்கத்துல இன்னும் ரெண்டு எழுத்து இருக்கும் போல, அழுக்கு அப்பிக்கிட்டு சரியா தெரியல. காந்தம் ஒட்டல. அப்போ தங்கம்தானே?

பதில் 1:
காந்தத்த வச்சு முடிவு பண்ணாதீங்க பாஸ், பித்தளை, செம்பு, வெள்ளி எதுலயுமே ஒட்டாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே பல ரகத்துல சுத்தமா ஒட்டாது. 750ன்னா 18 கேரட், 585ன்னா 14. ஆனா அந்த ரெண்டு எழுத்து ஜிபின்னு (GP, கோல்டு பிளேட்டட்) இருந்துச்சுன்னா வெறும் முலாம்தான். சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு லென்ஸ்ல பாருங்க. பேஸ்ட் போட்டு தேய்க்க வேணாம், இருக்குற முத்திரையும் போயிடும்.

பதில் 2:
முத்திரைய யார் வேணா குத்தலாம், எடை போட்டு பாருங்க. டிஜிட்டல் தராசுல டம்ளர் தண்ணி வச்சு ஜீரோ பண்ணிட்டு மோதிரத்த நூல்ல கட்டி அடியில, ஓரத்துல படாம முழுசா முக்குங்க, அப்ப எத்தன கிராம் காட்டுதோ அதால மோதிரத்தோட எடைய வகுத்தா அடர்த்தி வந்துடும். உதாரணமா 6.2 கிராம் மோதிரம் தண்ணியில 0.4 காட்டுனா 15.5, அது 18 கேரட் கணக்கு. 8, 8.5ன்னு வந்தா பித்தளை, விட்டுடுங்க. கல் வச்சதுன்னா இந்தக் கணக்கு ஒத்துவராது. மோதிரம் செய்யுற டங்ஸ்டன் கார்பைடுங்கிற கனமான பொருளும் 15 கிட்டதான் வரும், அதுக்கும் மஞ்சள் முலாம் பூசி விக்கிறான், அதனால சந்தேகம் இருந்தா நகைக்கடையில எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல (எக்ஸ்ரே வச்சு என்ன உலோகம்னு சொல்றது) காட்டிடுங்க.

பதில் 3:
கேள்விக்கு சம்பந்தமில்ல, இருந்தாலும் சொல்றேன், கன்னங்கரேல்னு கிடைக்கிறதயும் தூக்கிப் போடாதீங்க, வெள்ளி கடல்ல கிடந்தா அப்படித்தான் கறுக்கும், உள்ள வெள்ளிக்கான 925 முத்திரை இருக்கான்னு பாருங்க. அப்புறம் உள்பக்கம் பேரோ தேதியோ பொறிச்சிருந்தா கல்யாண மோதிரமா இருக்கும், போலீஸ்ல சொல்லி வைங்க, தொலைச்சவங்க தேடிட்டு இருப்பாங்க.